555 புத்தகத்திலிருந்து பி பாரம் வரை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் மளிகைக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். சம்பளம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும். அதுவரை அரிசி, சார்டின், பால்மாவு எல்லாம் கடன்தான். மாமனார் காலத்திலிருந்தே வீட்டுக்கு ஒரு 555 புத்தகம் (கடன் எழுதும் சின்ன நோட்டு) வைத்திருக்கிறோம். "அக்கா, வருமான வரிக் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது?" என்று பக்கத்துக் கடைத் தம்பி கேட்டபோது அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டினேன்.

அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "28/12 – அரிசி 1, சார்டின் 2, முட்டை 1 தட்டு – 56.30". பணம் ஜனவரி 7ஆம் தேதிதான் வந்தது. ஆனாலும் அது டிசம்பர் விற்பனை. சாமான் கைமாறிய நாளே கணக்கு, காசு வந்த நாள் அல்ல. கல்லாவில் விழுந்ததை மட்டும் கூட்டித்தான் நான் பல வருஷம் வரி பாரம் (படிவம்) நிரப்பினேன். கணக்குத் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது.

அதனால் டிசம்பர் 31 இரவு எல்லா 555 புத்தகங்களையும் மேசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் பாக்கி எவ்வளவு என்று பெயரோடு ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகை இந்த வருஷ விற்பனையில் சேரும். அடுத்த வருஷம் அது வசூலாகும்போது மறுபடி விற்பனையில் சேர்த்துவிடாதீர்கள்.

வராத கடன்? தோட்டத்தை விட்டுப் போன குடும்பம், போன் எடுப்பதில்லை என்றால் அதை நஷ்டமாகக் கழிக்க வழி உண்டு. எந்தப் பெயர், எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் கேட்டீர்கள், வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினீர்கள் என்று காட்ட வேண்டும். "மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வராது" என்று பொதுவாகக் கழித்தால் வரி அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள்.

அதே இரவு செய்ய வேண்டிய இன்னொரு வேலை சரக்கு எண்ணுவது. நாங்கள் எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவோம். மகன் அலமாரி அலமாரியாக எண்ணிச் சொல்வான், நான் எழுதுவேன். விற்கும் விலை போடக்கூடாது, வாங்கிய விலைதான். எலி கடித்த அரிசி மூட்டை, தேதி முடிந்த டின் இவற்றைத் தனியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வோம். ஏன் இவ்வளவு பாடு? வாங்கிய சரக்கு முழுவதும் செலவு ஆகாது. வருஷத் தொடக்கத்தில் 18,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) சரக்கு, வருஷத்தில் வாங்கியது 140,000, கடைசியில் மிச்சம் 21,000 என்றால் விற்ற சரக்கின் அடக்கம் 137,000. மிச்சத்தை எண்ணாமல் விட்டால் லாபமே பொய்யாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்கும் ஒரு 555 புத்தகம் உண்டு! சமையலுக்குக் கடையிலிருந்து எடுக்கிற எண்ணெய், பருப்பு எல்லாம் சந்தை விலைக்கு அதில் ஏறும், ஏனென்றால் அதுவும் வரிக்குக் கணக்கான வருமானம்தான். நமக்கு நாமே எடுத்துக்கொள்ளும் சம்பளம் செலவில் வராது. வேன் பாதி நேரம் சரக்குக்கும் பாதி நேரம் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஓடினால், பெட்ரோலில் கடைப் பங்கை மட்டும் எழுதுங்கள். கியூஆர் அட்டையில் வரும் பணம் கடைக்கென்று திறந்த வங்கிக் கணக்குக்கே போகட்டும். குடும்பக் கணக்கோடு கலந்தால் பிரிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

ரசீதுகளை நான் முன்பு சதுர பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். தகரக் கூரைச் சூட்டில் அந்த வழவழப்புத் தாள் வெளுத்து, ஒரு வருஷச் சரக்கு ரசீதில் பாதி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. மனசு விட்டுப் போயிற்று. இப்போது ரசீது வந்த அன்றே போனில் படம் பிடித்து, பின்பக்கம் பேனாவால் கடை, சரக்கு, தொகை எழுதி, அந்த மாத உறையில் போடுகிறேன். கடை சாத்தியபின் பதினைந்து நிமிஷ வேலை.

தேதிகள்: தனி ஆள் வியாபாரத்துக்கு பி பாரம், ஜூன் 30. மின்வழியில் அனுப்பினால் வழக்கமாக ஜூலை 15 வரை விடுவார்கள். கடையில் சம்பள ஆள் இருந்தால் பிப்ரவரி முடிவதற்குள் அவருக்கு இஏ பாரம் (அவருடைய வருஷச் சம்பள விவரம்), மார்ச் 31க்குள் வரி அலுவலகத்துக்கு இ பாரம் (முதலாளி தரும் சம்பளக் கணக்கு).

சிபி500 கடிதம் வந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள். முன்கூட்டியே ஆறு தவணையாக வரி கட்டச் சொல்லும் கடிதம் அது. மார்ச்சில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. தவணைத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் பாக்கியோடு 10 விழுக்காடு ஏறும். நான் ஒரு தவணையை மறந்து அதைக் கட்டியிருக்கிறேன், அன்றைக்கு அழுகையே வந்தது. வியாபாரம் படுத்துவிட்டது, தொகை அதிகம் என்று பட்டால் ஜூன் 30க்குள் சிபி502 பாரம் போட்டுக் குறைக்கக் கேட்கலாம்.

பாரம் அனுப்பியதும் வரும் ஒப்புகைச் சீட்டை அச்செடுங்கள். மாத உறைகள், சரக்குப் பட்டியல், கடன் தாள், முடிந்த 555 புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டுங்கள். பாரம் அனுப்பிய வருஷம் முடிந்து ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2024 கணக்கை 2025இல் அனுப்பினோம். அந்தப் பெட்டி பரணில், சிலந்தி ஏறாத பக்கமாக இருக்கிறது. மேலே மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: "2032 டிசம்பர் வரை தொடாதே".