பிஎஃப்ஏஎஸ் கலந்த தண்ணீர்: ‘சிதைத்துவிட்டோம்’ என்று சொல்லும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டாத பாத்திரப் பூச்சு, மழையில் நனையாத துணி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று பல வழிகளில் தண்ணீருக்குள் வந்து சேர்ந்தவை பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள். இவற்றின் முதுகெலும்பே கார்பன்–புளூரின் பிணைப்புதான். கார்பன் அமைக்கும் ஒற்றைப் பிணைப்புகளில் இதுதான் மிக வலுவானது. முறிக்க ஒரு மோலுக்குச் சுமார் 485 கிலோஜூல் வரை தேவைப்படும். வெயில், மழை, கிருமிகள் என எதற்கும் இது எளிதில் அசைவதில்லை. எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில், இந்தக் குடும்பத்தில் அதிகம் பேசப்படும் இரண்டு ரசாயனங்களான பிஎஃப்ஓஎஸ் 2009இலும், பிஎஃப்ஓஏ 2019இலும் சேர்க்கப்பட்டன. ஆனால் ஏற்கெனவே தண்ணீரில் கலந்தது அப்படியே இருக்கிறது. அதை உடைக்கப் பல முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. கூடவே அவசர முடிவுகளும் வருகின்றன. பெரும்பாலும் அவை ‘புளூரின் எங்கே போனது?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

வடிகட்டியதைச் சிதைத்ததாக எண்ணுவதுதான் எங்கும் காணப்படும் தவறு. ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரி, அயனிப் பரிமாற்றப் பிசின், ஆர்.ஓ. சவ்வு ஆகிய மூன்றும் நல்ல வேலை செய்கின்றன. குடிநீரைப் பாதுகாக்க இன்று பெரிதும் நம்பப்படுபவையும் இவைதான். ஆனால் இவை ரசாயனத்தைத் தண்ணீரிலிருந்து பிரிக்கின்றன, அவ்வளவுதான். பிடிபட்ட பிஎஃப்ஏஎஸ் கரியிலோ பிசினிலோ ஆர்.ஓ. கழிவுநீரிலோ முழுசாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கரியைக் குப்பைக் கிடங்கில் கொட்டினால், கிடங்கிலிருந்து கசியும் நீர் வழியாக அது மறுபடி நிலத்தடிக்கு வரலாம். கொதிக்கவைப்பதும் தீர்வாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், இந்த ரசாயனம் பெரும்பாலும் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் அடர்த்தியாகும்.

சரி, உண்மையிலேயே உடைக்கும் முறைகளுக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். ஒரு சோதனையில் பிஎஃப்ஓஏ 95 சதவீதம் ‘காணாமல் போனது’ என்று முடிவு வந்தால், 95 சதவீதம் அழிந்துவிட்டது என்று பொருள் கொள்ளக்கூடாது. ஒரு பிஎஃப்ஓஏ மூலக்கூறில் 15 புளூரின் அணுக்கள் இருக்கின்றன. சங்கிலியின் ஒரு முனை கழன்றாலே அது பிஎஃப்ஓஏ என்ற பெயரை இழந்துவிடும், கருவியின் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மீதிச் சங்கிலி ஒரு கார்பன் குறைந்து, இன்னொரு பிஎஃப்ஏஎஸ் ஆகத் தண்ணீரிலேயே இருக்கும். அப்புறம் இன்னொன்று, இன்னும் சிறியது என்று போய், மூன்றே புளூரின் கொண்ட டிரைபுளூரோஅசிட்டிக் அமிலமாகவும் தேங்கலாம். குட்டையான இந்தச் சங்கிலிகளைக் கரி வடிகட்டியால் நீண்டவற்றைப் போலப் பிடித்துவைக்க முடியாது. மூலக்கூறு சிதையாமல் பாத்திரச் சுவரிலோ நுரையிலோ ஒட்டிக்கொண்டு ‘காணாமல்’ போவதும் உண்டு.

அதனால் புளூரைடு கணக்கைப் பார்க்க வேண்டும். பிணைப்பு உடைந்து விடுபட்ட புளூரின், நீரில் இருக்கும் வடிவமே புளூரைடு. லிட்டருக்கு 10 மில்லிகிராம் பிஎஃப்ஓஏ முழுதாக உடைந்தால் ஏறத்தாழ 6.9 மில்லிகிராம் புளூரைடு வெளிவர வேண்டும். அதில் பாதிதான் வந்தது என்றால், மீதிப் புளூரின் எந்த வடிவில் இருக்கிறது என்று தேடித்தான் ஆக வேண்டும். இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. மாசுபட்ட நீரில் இந்த ரசாயனம் பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கும். 100 நானோகிராம் முழுதாக உடைந்தாலும் 69 நானோகிராம் புளூரைடுதான் வரும். நீரில் இயல்பாகவே இருக்கும் புளூரைடு அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் இருப்பது சாதாரணம். அப்போது புளூரைடு மீட்டர் எதையும் சொல்லாது. மொத்தக் கரிமப் புளூரினை அளக்கும் முறையும், குட்டைச் சங்கிலிகளைத் தனித்தனியாகத் தேடும் ஆய்வும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, புற ஊதா ஒளி ஆகியவற்றைச் சேர்த்தால் எதுவும் எரிந்துவிடும் என்ற நம்பிக்கை பல வகை மாசுகளுக்குச் சரி. இங்கே அது காலை வாரிவிடும். அந்த முறைகள் உருவாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற தீவிரமாக வினைபுரியும் துகள், பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டையும் ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆனால் பாதி மட்டும் புளூரின் ஏறிய முன்னோடிச் சேர்மங்களைத் தாக்கி, அவற்றை பிஎஃப்ஓஏ போன்ற அமிலங்களாக மாற்றிவிடும். அதனால் சுத்திகரிப்புக்குப் பின் பிஎஃப்ஓஏ அளவு ஏறுவதும் நடக்கும். கருவி பழுது என்று அந்த முடிவைத் தள்ளிவிடாதீர்கள். முன்பு பட்டியலில் இல்லாத வடிவில் மறைந்திருந்தது இப்போது வெளியே தெரிகிறது.

ஒரு சேர்மத்தில் கிடைத்த வெற்றியைக் குடும்பம் முழுவதற்கும் நீட்டுவது அடுத்த தவறு. சூடாக்கிய பெர்சல்ஃபேட் என்ற ஆக்சிஜனேற்றும் உப்பு பிஎஃப்ஓஏவைச் சிதைக்கும், பிஎஃப்ஓஎஸ்ஸிடம் தோற்றுப்போகும். 2022இல் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு முறை, சோடியம் ஹைட்ராக்சைடையும் ஒரு சாதாரணக் கரைப்பானையும் வைத்து 80 முதல் 120 டிகிரி வெப்பத்திலேயே பிஎஃப்ஓஏ போன்ற அமிலங்களை உடைத்தது. அருமையான வேலைதான், ஆனால் அது பிஎஃப்ஓஏ சேர்ந்த கார்பாக்சிலிக் அமில வகைக்கு மட்டும். பிஎஃப்ஓஎஸ் சேர்ந்த சல்ஃபோனிக் வகைக்கு அது பொருந்தாது.

ஆய்வகத்துச் சுத்த நீரில் வந்த வேகத்தை அப்படியே ஆற்று நீருக்கோ நிலத்தடி நீருக்கோ எதிர்பார்ப்பதும் தவறு. புற ஊதா ஒளியோடு சல்ஃபைட்டைச் சேர்த்து எலக்ட்ரான்களால் பிணைப்பை உடைக்கும் முறையில், கரைந்த ஆக்சிஜனும் நைட்ரேட்டும் அந்த எலக்ட்ரான்களை வழியிலேயே பறித்துக்கொள்ளும். போரான் ஏற்றிய வைர மின்முனைகள் பிஎஃப்ஓஎஸ்ஸையும் உடைக்கும் திறன் கொண்டவை. ஆனால் நீரில் குளோரைடு இருந்தால் பெர்குளோரேட் உருவாகும். அது தைராய்டைப் பாதிக்கும் நச்சு. ஒரு நச்சை விலக்கி இன்னொன்றைக் குழாயில் அனுப்பக்கூடாது என்பதால், அதையும் அளந்தே ஆக வேண்டும்.

எரிப்பதிலும் அரைகுறை வேலை ஆபத்து. வெப்பமோ, அந்த வெப்பத்தில் தங்கும் நேரமோ குறைந்தால், சிதையாத துண்டுகள் புகையோடு காற்றில் போகும்.

ஆற்றல் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நீரைத் திரவமும் அல்லாத, ஆவியும் அல்லாத நிலைக்குக் கொண்டுபோய் ரசாயனத்தைச் சிதைக்கும் சூப்பர்கிரிட்டிக்கல் நீர் ஆக்சிஜனேற்றத்துக்கு 374 டிகிரிக்கு மேல் வெப்பமும் 221 பாருக்கு மேல் அழுத்தமும் வேண்டும். சல்ஃபோனிக் வகையையும் அது நன்றாகவே சிதைக்கிறது. ஆனால் ஒரு ஊரின் குடிநீர் முழுவதையும் அதற்குள் செலுத்துவது நடக்காத காரியம். முதலில் பிசினாலோ சவ்வாலோ நுரைப் பிரிப்பாலோ பெருமளவு நீரிலிருந்து ரசாயனத்தைச் சிறிய அளவில் செறிவாக்கி, அந்தச் செறிவை மட்டும் சிதைக்க வேண்டும். எனவே வடிகட்டலும் சிதைத்தலும் போட்டி முறைகள் என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகிறது.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்கா 2024இல் குடிநீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அவ்வளவு நுண்ணிய அளவில், குழாய் இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்போ மாதிரி எடுப்பவரின் மழைக்கோட்டோ கூட முடிவைக் கெடுக்கலாம். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் புட்டியைப் பயன்படுத்துங்கள். அதே இடத்தில் சுத்த நீர் ஊற்றிய வெற்று மாதிரி ஒன்றையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். வெற்று மாதிரியிலேயே பிஎஃப்ஏஎஸ் தென்பட்டால், அன்றைய முடிவுகளை வைத்து எந்த முறையையும் மதிப்பிடக்கூடாது, மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும்.