புதுக் குதிரைக்குட்டிக்கு லத்தி கட்டினால்

குட்டி பிறந்து விழுந்ததும் பந்தயக்காரர்கள் காலைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள். நான் வாலுக்குக் கீழே பார்ப்பேன். தேவகோட்டைப் பக்கம் புதிதாகக் குதிரை கட்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வது: சுழி எங்கேயும் போகாது, முதல் லத்தி, அதாவது முதல் சாணம், வந்ததா என்று பாருங்கள்.

அது தாய் வயிற்றிலேயே சேர்ந்தது. கருப்பாக, கீல் மாதிரி ஒட்டும். சிலதுக்குக் கெட்டி உருண்டையாக விழும். ஒரு நாளுக்குள் முழுதும் போய்விட வேண்டும். ஒரு தடவை கருப்பு வந்ததும் முடிந்தது என்று படுக்கப் போய்விடாதீர்கள். மஞ்சளாக, இளகலாக வந்தால்தான் வழி திறந்தது என்று அர்த்தம்.

இதற்கு முதல் மருந்து சீம்பால்தான். 1 மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் மடியில் வாய் வைக்க வேண்டும்.

லத்தி கட்டிக்கொண்ட குட்டி வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும், முதுகை வளைத்து முக்கும், பாலை விட்டுவிட்டுப் படுத்துப் புரளும். ஆண்குட்டிக்கு இடுப்பெலும்பு குறுகல், அதனால் அதற்குத்தான் அதிகம். முதுகைக் குழித்து, பின்னங்காலை அகட்டி முக்கினால் அது மூத்திரத்துக்கு; மூத்திரப்பை கிழிந்திருக்கலாம், உடனே டாக்டர் வேண்டும்.

எனிமாவுக்கு, அதாவது ஆசனவாய் வழியாகத் தண்ணீர் விட்டு லத்தியை இளக்க, வெதுவெதுப்பான தண்ணீர், அரை லிட்டருக்குள். மென்மையான சோப்பு கொஞ்சம் கரையுங்கள். தாயைக் குட்டி கண்ணில் படும்படி கட்டிவிட்டு, ஒருவர் குட்டியை நின்றபடியே அணைத்துப் பிடிக்கட்டும். மிருதுவான ரப்பர் குழாயின் நுனியில் லிக்விட் பாரபின் தடவி, சில அங்குலம் மட்டும் விடுங்கள். தடுத்தால் தள்ளாதீர்கள், அந்தக் குடல் ஈரத் தாள்தான். குழாயின் மறுமுனையில் செருகிய புனலை உயர்த்தினால் தண்ணீர் தானே இறங்கும். சிரிஞ்சால் அழுத்த வேண்டாம். குச்சியும் விரலும் கூடவே கூடாது. மெடிக்கலில் விற்கும் பாஸ்பேட் எனிமாவைத் திரும்பத் திரும்பப் போட்டால் பாஸ்பேட் ரத்தத்தில் ஏறிவிடும்.

விளக்கெண்ணெய் ஊற்றச் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு ஆச்சி இருப்பார்கள். தலையாட்டிவிட்டு ஊற்றாமல் இருங்கள். பச்சைக் குடல் புண்ணாகிப் பேதியாகும்.

ஒரு எனிமாவுக்கு அசையாவிட்டால், வயிறு உப்பினால், கருப்பே இல்லாமல் வெறும் சளி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. பிறந்த நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம், நீங்கள் என்ன கொடுத்தீர்கள், மூன்றையும் சொல்லுங்கள்.