கனகத்துக்காகச் சண்டை வந்தால்: நாவல் கூட்டம் நடத்துவது எப்படி?

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு நாவலைப் பேசுகிறோம். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எடுத்த அன்று கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கதாநாயகி கங்காவின் அம்மா கனகம் நல்லவளா கெட்டவளா என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. புருஷன் இல்லாமல் மகளை வளர்க்கும் ஒரு தங்கை வாயே திறக்காமல் எழுந்து போனாள். அடுத்த இரண்டு மாதம் வரவில்லை. தவறு என்னுடையது. அதே நாவலை மறுபடி எடுத்து வேறு விதமாக நடத்தினேன்.

முதலில், இந்த நாவலுக்கு வித்தான ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏற்றிக்கொண்டவனிடம் சிக்கி வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். அந்த முடிவை ஏற்காமல் அன்றைக்கே வாசகர்கள் கொதித்தார்கள். நாவலிலோ அதே இரவில் தாய் அலறிவிடுகிறாள், அக்கம்பக்கம் கூடிவிடுகிறது, அண்ணன் கணேசன் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். இரண்டு தாய்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை.

அப்புறம் பணத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்த வீடு யார் சம்பாத்தியத்தில் நடக்கிறது? கனகம் விதவை, மகன் கையை எதிர்பார்த்து இருப்பவள். மகளுக்காக வாய் திறந்திருந்தால் அன்றிரவு அவள் எங்கே படுத்திருப்பாள்? 'பெத்தவளா இவ?' என்று முதல் கூட்டத்தில் கத்திய ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயா இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் அம்மாவும் கடைசிவரை பெரியண்ணன் வீட்டில்தான் இருந்தாள் என்றார். எதிரில் இருந்த டீச்சரக்கா அசையவில்லை. "போக்கிடம் இல்லை, சரி. அலறாமலாவது இருந்திருக்கலாமே" என்றார். இருவரையும் சமாதானம் செய்து வைக்கப் பார்க்காதீர்கள். டீச்சரக்கா சொன்னதும் கங்காவின் பக்கம் நின்று சொன்னதுதான்.

யார் எதைச் சொன்னாலும், "நாவலில் எந்த இடம்?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பார்கள், பக்க எண் ஒத்துவராது. அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்வதே நல்லது.

எனக்கு முக்கியமானது இது: கதையில் வருவதுபோல் வாழ்கிறவர் கூட்டத்தில் இருந்தால், எல்லோர் கண்ணும் அவர்மேல் திரும்ப விடாதீர்கள். 'உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்க' என்று யாரும் கேட்கக் கூடாது. என் அம்மா தையல் மிஷினை நம்பி என்னைத் தனியாக வளர்த்தவள், அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முந்தின நாள் அந்தத் தங்கைக்குப் போன் செய்து, நீ பேசவே வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்றேன்.

வந்தாள். கடைசியில் அவளாகவே கேட்டாள்: "பின்னாடி கனகம் அதே மகளோட, மகள் சம்பளத்துலதானே இருக்கா? ரெண்டு பேரும் சாப்பிட உட்காரும்போது என்ன பேசிக்குவாங்க?"

உங்கள் கூட்டத்தில் அந்தக் கேள்விக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். எங்களுக்குப் போதவில்லை, நூலகர் சாவிக்கொத்தோடு வந்து நின்றுவிட்டார்.