குறியாக்கம் செய்த மெய்நிகர் கணினியில் வட்டைக் காணவில்லையா? முதலில் சாவியைக் காப்பாற்றுங்கள்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையின் கணக்கு முழுவதும், கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினியை) ஓட்டும் மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் பழைய விண்டோஸ் ஒன்றில் இருக்கிறது. அந்த மெய்நிகர் கணினிக்கு ஹார்ட் டிஸ்காக இருக்கும் பெரிய கோப்பு, அதாவது வட்டுக் கோப்பு, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைக்கப்பட்டிருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாள், மாலையில் கணினியைப் போட்டபோது வட்டைக் காணவில்லை என்ற பிழைச்செய்தி வந்திருக்கிறது. கடையில் கணினி பார்க்கும் இளைஞர், காணாமல் போனதாகக் காட்டிய வட்டின் பதிவை நீக்கிவிட்டு, கோப்பைத் தேடிப்பிடித்து மறுபடி சேர்த்திருக்கிறார். இயந்திரம் கிளம்பியது, ஆனால் திரையில், துவக்குவதற்கான வட்டு எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி மட்டுமே நின்றது. கடைக்காரர் எனக்குப் போன் செய்து, "தம்பி, இன்னைக்குப் பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குதே" என்றார். "அண்ணாச்சி, யாரும் எதையும் தொடாதீங்க, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடவுச்சொல் கேட்கவில்லை என்ற அந்த ஒரு தகவலிலேயே முழுக் கோளாறும் அடங்கியிருந்தது. வர்ச்சுவல்பாக்ஸ் 2015இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து வட்டுகளைக் குறியாக்கம் செய்து வருகிறது. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில், 128 அல்லது 256 பிட் சாவியால் வட்டின் தரவு பூட்டப்படுகிறது. நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் அந்தச் சாவி அல்ல. உண்மையான சாவியைப் பொதிந்து வைத்திருக்கும் உறையைத் திறப்பதற்கு மட்டுமே அது பயன்படுகிறது. அந்த உறை வட்டுக் கோப்புக்குள் இருப்பதில்லை. மெய்நிகர் கணினியின் அமைப்புகளைக் கொண்ட, விபாக்ஸ் என்ற நீட்டிப்புப் பெயருள்ள சிறிய கோப்பில், அந்த வட்டைப் பற்றிய பதிவுக்குள் கீஸ்டோர் என்ற பெயரில் நீளமான ஒரு எழுத்துக் கோவையாக அது இருக்கிறது. வட்டுகளைப் பட்டியலிடும் வர்ச்சுவல்பாக்ஸின் மீடியா மேனேஜரில் வட்டின் மேல் 'ரிமூவ்' கொடுத்தால் பதிவோடு சேர்ந்து சாவியும் போய்விடும். மறுபடி சேர்க்கும்போது வர்ச்சுவல்பாக்ஸ் அதைப் பூட்டில்லாத வட்டு என்றே எண்ணிக்கொள்கிறது. அதனால் கடவுச்சொல் கேட்பதில்லை, உள்ளே இருப்பதும் பொருளற்ற எழுத்துகளாகவே தெரிகிறது. சாதாரண மெய்நிகர் கணினிக்குச் சரியான மருந்து, குறியாக்கம் செய்ததற்கு நஞ்சாகிவிடுகிறது.

ஆகவே, பிழைச்செய்தியைப் பார்த்ததும் வர்ச்சுவல்பாக்ஸின் எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள். பின்னணியில் ஓடும் அதன் துணை நிரலான விபாக்ஸ்எஸ்விசி நின்றுவிட்டதா என்பதை டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டு, மெய்நிகர் கணினியின் கோப்புறையை வட்டுக் கோப்புகள் நீங்கலாக அப்படியே வேறொரு இடத்துக்கு நகலெடுங்கள். அதில் விபாக்ஸ் கோப்போடு, பெயரின் முடிவில் 'பிரீவ்' என்று சேர்ந்த இன்னொரு கோப்பும் இருக்கும். அது அமைப்புகளின் முந்தைய நிலை. ஒவ்வொரு முறை அமைப்புகள் சேமிக்கப்படும்போதும் அது மேலெழுதப்படுவதால், நீங்கள் எத்தனை முறை முயன்று பார்க்கிறீர்களோ அத்தனை முறை பழைய சாவியிலிருந்து விலகிப் போகிறீர்கள். அண்ணாச்சி கடையில் நான் போய்ச் சேர்வதற்குள் அது மேலெழுதப்பட்டிருந்தது. பத்து நாள் முன்பு வேறு வேலைக்காக நான் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.

நகல் பத்திரமான பிறகு வட்டைத் தேடலாம். பெரும்பாலும் அது எங்கும் போயிருக்காது. வெளி ஹார்ட் டிஸ்கை வேறு யூஎஸ்பி சாதனத்துக்குப் பிறகு செருகியிருந்தால், நேற்று 'இ' ஆக இருந்த டிரைவ் இன்று 'எஃப்' ஆகியிருக்கும். விபாக்ஸ் கோப்பில் எழுதியிருக்கும் முழுப் பாதை பொய்த்துவிடும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிரைவுக்குப் பழைய எழுத்தையே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் போதும். வர்ச்சுவல்பாக்ஸில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. டிரைவே விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதைத் திறக்கும்வரை உள்ளே இருக்கும் கோப்பு இல்லாததாகவே காட்டும். அதன் கடவுச்சொல் மறந்திருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும். வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

யாராவது கோப்பின் பெயரை மாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம் இருந்தால், பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள்; பல ஜிபி அளவுள்ள கோப்புகள் ஒரு டிரைவில் அதிகம் இருக்காது. வர்ச்சுவல்பாக்ஸின் சொந்த வட்டு வடிவமான விடிஐ வகைக் கோப்பின் தொடக்கத்தில், அது வர்ச்சுவல்பாக்ஸ் வட்டு என்று சொல்லும் ஒரு வரி, குறியாக்கம் செய்திருந்தாலும் படிக்கும்படியாகவே இருக்கும். கோப்பு உண்மையாகவே அழிக்கப்பட்டிருந்தால், அந்த டிரைவில் இனி ஒரு எழுத்தும் எழுதாமல் கழற்றி வைத்துவிட்டு மீட்பு மென்பொருளை வேறு டிரைவிலிருந்து இயக்க வேண்டும். எஸ்எஸ்டியாக இருந்தால் டிரிம் செயல்பாடு அழித்த இடத்தைத் துடைத்துவிடக்கூடும் என்பதால் நம்பிக்கை குறைவு.

கோப்பு புதிய இடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்றால், பதிவை நீக்காமல் பாதையை மட்டும் மாற்றுங்கள். வர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கட்டளைவரிக் கருவியான விபாக்ஸ்மேனேஜின் மாடிஃபைமீடியம் கட்டளையில் செட்லொகேஷன் என்ற தெரிவு இதற்கென்றே இருக்கிறது. வட்டின் அடையாள எண்ணான யூயூஐடியையும் புதிய முழுப் பாதையையும் கொடுத்தால், சாவி இருந்த இடத்திலேயே இருக்கும். இணையத்தில் பலர் சொல்லும் செட்ஹெச்டியூயூஐடி கட்டளையை இங்கே பயன்படுத்தவே வேண்டாம். அது வட்டின் அடையாள எண்ணையே மாற்றிவிடும், பிறகு எந்தச் சாவி எந்த வட்டுக்கு என்ற தொடர்பு அறுந்துபோகும்.

பிறகு திரும்பிப் போவதற்காக இயந்திரத்தின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அப்போது இயந்திரம் தேடுவது மூல வட்டை மட்டுமல்ல, ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறையில் நெளி அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்ணைப் பெயராகக் கொண்ட, ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் நடந்த மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் வேறுபாட்டுக் கோப்பையும்தான். அது கிடைக்கவில்லை என்பதற்காக மூல வட்டை நேரடியாக இணைத்து ஒருமுறை துவக்கிவிட்டால்கூட மூலம் மாறிவிடும்; பிறகு வேறுபாட்டுக் கோப்பு கிடைத்தாலும் அதோடு பொருந்தாது.

சாவி ஏற்கெனவே போய்விட்டவர்கள், பழைய விபாக்ஸ் கோப்பின் நகலை, வர்ச்சுவல்பாக்ஸ் மூடியிருக்கும்போது, இப்போதைய கோப்பின் இடத்தில் வைத்து, வட்டுக் கோப்பும் அதில் எழுதிய பாதையிலேயே இருக்கும்படி செய்ய வேண்டும். 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து மெய்நிகர் கணினி முழுவதையும் குறியாக்கம் செய்ய முடியும். அப்படிச் செய்திருந்தால் அமைப்புகளும் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், நோட்பேடில் திறந்து திருத்தலாம் என்று எண்ணாதீர்கள். துவக்குவதற்கு முன், செக்மீடியம்பிடபிள்யூடி கட்டளையால் கடவுச்சொல் பொருந்துகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். பொருந்தியும் துவங்கவில்லை என்றால், வர்ச்சுவல்பாக்ஸுக்குக் கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற இணைப்பு நிறுவப்பட்டிருக்கிறதா, அதன் பதிப்பு எண் வர்ச்சுவல்பாக்ஸின் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டுக் குறியாக்கம் அந்த இணைப்பைச் சார்ந்தே வந்திருக்கிறது.

அண்ணாச்சியின் கணக்கு அன்று இரவு ஒன்பது மணிக்குத் திறந்தது. இப்போது விபாக்ஸ் கோப்பின் நகல் ஒன்று, பென்டிரைவில், கடையின் பீரோவில் கல்லாச் சாவியோடு இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் அந்த நகலையும் புதிதாக எடுத்து, பழையதை அழித்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். ஏனெனில் பழைய நகல் பழைய கடவுச்சொல்லுக்குத் தொடர்ந்து திறக்கும்.