மாஸ்டர் கார்டனர் பயிற்சியில் சேர்வது எப்படி? அமெரிக்காவில் தோட்டம் போடுகிறவர்களுக்கு

எங்கள் கொல்லையில் இரண்டு வருடம் தொடர்ந்து வெண்டை முளைக்கவே இல்லை. விதையை மாற்றினேன், உரத்தை மாற்றினேன். கடைசியில் எங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எக்ஸ்டென்ஷன், அதாவது வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, மறுமுனையில் பேசிய அம்மா கேட்ட முதல் கேள்வி: "விதைத்த அன்றைக்கு மண் எவ்வளவு சூடாக இருந்தது?" நான் காற்றின் வெப்பத்தைச் சொன்னேன். "அது இல்லை, மண்ணுக்குள் எவ்வளவு?" என்றார். ஏப்ரல் மாதக் குளிர்ந்த ஈர மண்ணில் போட்ட விதை முளைக்காமலே அழுகியிருக்கிறது. மண் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகு விதைத்துப் பார்த்தேன், வரிசையாக முளைத்தது. பேசியவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் இல்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலர், இங்கே அவர்களை "மாஸ்டர் கார்டனர்" என்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த வருடம் நானும் அதே பயிற்சியில் சேர்ந்தேன். சேர நினைக்கிற உங்களுக்காக, முதலில் இருந்து சொல்கிறேன்.

இது என்ன பயிற்சி?

1914-ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஏற்பாடு உண்டானது. அதுதான் எக்ஸ்டென்ஷன். நம் ஊரில் வேளாண் விரிவாக்கம் என்கிறோமே, அதே வேலை. 1970-களின் தொடக்கத்தில் சியாட்டில், டகோமா பகுதியில் வீட்டுத் தோட்டக்காரர்களின் கேள்விகள் குவிந்து, இருந்த ஊழியர்களால் சமாளிக்க முடியவில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்டென்ஷனில் இருந்த டேவிட் கிப்பி என்பவரும் உடன் பணிபுரிந்தவர்களும், ஆர்வமுள்ள தோட்டக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பதில் சொல்ல வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 1973-ல் முதல் வகுப்பு நடந்தது. இன்று 50 மாநிலங்களிலும் இந்தத் திட்டம் இருக்கிறது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டம் செழிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நடத்துகிற வகுப்பு இல்லை இது. அடுத்தவர் தோட்டத்துக்குப் பதில் சொல்ல உங்களைத் தயார் செய்கிற வகுப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்கிறவர்கள்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

படி 1: உங்கள் கவுண்டி அலுவலகத்தைக் கண்டுபிடியுங்கள்

இணையத்தில் உங்கள் கவுண்டியின் பெயரோடு "எக்ஸ்டென்ஷன் மாஸ்டர் கார்டனர்" என்று சேர்த்துத் தேடினால் போதும். சில சின்னக் கவுண்டிகளில் தனித் திட்டம் இருக்காது. பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்து நடத்துவார்கள்.

படி 2: சேர்வதற்கு முன் மணிக்கணக்கைப் பாருங்கள்

வகுப்பு பொதுவாக 40 மணி நேரம் அல்லது அதற்கு மேல். முதல் வருடம் தன்னார்வப் பணியும் ஏறக்குறைய அதே அளவு. சில மாநிலங்களில் 50 மணி நேரத்துக்கு மேலும் கேட்பார்கள். கட்டணம் பல இடங்களில் 100 முதல் 300 டாலருக்குள் வரும். பணம் ஒரு தடையாக இருந்தால் உதவித்தொகை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். நிறைய கவுண்டிகளில் உண்டு, யாரும் கேட்பதில்லை.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு யோசியுங்கள். வாரம் ஒரு நாள், மூன்று மணி நேரம், சுமார் மூன்று நான்கு மாதம் ஒதுக்க முடியுமா? முடியாது என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். சில மாநிலங்களில் தன்னார்வப் பணி இல்லாமல், கூடுதல் கட்டணத்துக்குப் பாடத்தை மட்டும் படிக்க வழி இருக்கிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அதுவே நல்லது என்பேன்.

படி 3: விண்ணப்பம்

வகுப்பு ஜனவரியில் தொடங்குகிற இடங்களில் விண்ணப்பத்தை இலையுதிர் காலத்திலேயே வாங்கி முடித்துவிடுவார்கள். "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் இருக்கும். செடி வளர்க்கப் பிடிக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். தமிழ் பேசுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேறு மொழி தெரிந்த தன்னார்வலர்கள் கிடைப்பது அரிது. குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் உண்டு.

தோட்டக்கலையில் அனுபவம் தேவையா? தேவையில்லை.

படி 4: வகுப்பில் உட்காருவது

தாவரவியல், மண், பூச்சிகள், செடி நோய்கள், காய்கறி, பழமரம், புல்தரை, கவாத்து, பூச்சிக்கொல்லிப் பாதுகாப்பு என்று வரிசையாக வரும். படித்ததை அந்த வாரமே கொல்லையில் செய்து பார்த்தால்தான் நிற்கும்.

மண் வகுப்பு முடிந்ததும் மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு சுத்தமான பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி கூடாது, அந்தத் துத்தநாகம் மண்ணில் கலந்து முடிவைக் கெடுத்துவிடும். பாத்தியில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆறு அங்குல ஆழம் வரை மெல்லிய துண்டாக மண் எடுங்கள். எல்லாவற்றையும் வாளியில் கலந்து, கல்லும் வேரும் பொறுக்கி, காகிதத்தில் பரப்பி நிழலில் காயவிட்டு, அதிலிருந்து இரண்டு கப் அனுப்பினால் போதும். அமில காரத்தன்மை (pH) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் நம் காய்கறிகள் பெரும்பாலானவற்றுக்குச் சரி. புளூபெர்ரி வைக்க ஆசைப்பட்டால் அதற்கு 4.5 முதல் 5.5 வேண்டும். முடிவு வரும்வரை சுண்ணாம்பு எதையும் கொட்டாதீர்கள்.

படி 5: உதவி மேசை

இதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். அலுவலகத்திலோ உழவர் சந்தையிலோ ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவர் பிளாஸ்டிக் பையில் தக்காளி கொண்டுவருவார். காம்புப் பக்கம் செக்கச் சிவந்து அழகாக இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் கறுத்து, தோல்செருப்பு மாதிரி தட்டையாகக் குழிந்திருக்கும். "எந்த மருந்து அடிக்கணும்?" என்பார்.

பதில் உங்களுக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள்: தொட்டியா, தரையா? எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? என்ன உரம், எவ்வளவு? எல்லாக் காயிலும் இருக்கிறதா, முதலில் காய்த்ததில் மட்டுமா? இந்த அடிக்கறுப்பு ஒரு நோயே இல்லை. காய் வளரும்போது கால்சியம் அதற்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கால்சியம் இருந்தாலும், ஒரு வாரம் காயப்போட்டு மறு வாரம் குளமாக்கினால் செடியால் அதை இழுக்க முடியாது. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் இதே கதை. ஆக மருந்து வேண்டாம். வாரத்துக்கு ஓர் அங்குலம் அளவுக்குச் சீராகத் தண்ணீர், வேர்ப்பகுதியில் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு, உரத்தில் நிதானம், அவ்வளவுதான். அடுத்தடுத்த காய்கள் பெரும்பாலும் தேறிவிடும். வந்தவர் கடையில் செலவழிக்க இருந்த பணத்தோடு வீட்டுக்குப் போவார். அந்த நிமிடத்துக்காகவே எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழக வெளியீடுகளில் தேடுங்கள். "எங்கள் பாட்டி இப்படித்தான் செய்வார்" என்று இங்கே சொல்லக் கூடாது. பாட்டி சொன்னது சரியாகவே இருந்தாலும் ஆராய்ச்சியில் உறுதியானதை மட்டும்தான் இந்த மேசையில் இருந்து சொல்ல வேண்டும். முதலில் எனக்கு இது உறுத்தியது. போகப் போக இதில் உள்ள நியாயம் புரிந்தது.

நம்மவர்கள் கட்டாயம் கேட்பது கறிவேப்பிலை. மாநிலம் விட்டு மாநிலம் செடியை அனுப்பலாமா என்பார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்புகிற ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற சின்னஞ்சிறு பூச்சி, கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதனால் செடியை எடுத்துச் செல்லக் கட்டுப்பாடுகள் உண்டு. தோழி வீட்டுக் கன்று என்று காரில் தூக்கிப்போட்டு வருவதற்கு முன் இரண்டு மாநிலங்களின் வேளாண் துறை விதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: மணி நேரத்தைப் பதிவு செய்யுங்கள்

செய்த வேலையை அன்றைக்கே ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். வருட முடிவில் நினைவில் இருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். இரண்டாம் வருடத்தில் இருந்து பொதுவாக 20 மணி நேரப் பணியும் 10 மணி நேரத் தொடர்கல்வியும் இருந்தால் மாஸ்டர் கார்டனர் என்ற பட்டம் தொடரும். அந்தப் பட்டத்தைச் சொந்த வியாபாரத்துக்கோ ஒரு கம்பெனியின் பொருளைப் புகழவோ பயன்படுத்தக் கூடாது. நர்சரி வைத்திருப்பவர்கள் இதைச் சேரும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பள்ளியிலோ கோயில் தோட்டத்திலோ வகுப்பு எடுக்க ஆசை இருந்தால், தேதி குறிக்கும் முன்பே உங்கள் கவுண்டித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். முடித்துவிட்டுச் சொன்னால் அந்த மணி நேரம் கணக்கில் சேராமல் போகலாம்.