மீன் பெட்டியைப் பின்னோக்கி இழுத்துக் கட்டுங்கள்

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் போட்டு நிரப்பிய பெட்டியை மோட்டார் சைக்கிள் கேரியரில் ஏற்றிப் புதுச்சேரி செல்வோர், கயிற்றை அதன் மேலே குறுக்காக மட்டும் போட்டு இறுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது போதாது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதியின்படி, பிரேக் பிடித்து வண்டி நின்றாலும் பெட்டி தன் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்ல முயலும். அதைத் தடுக்க ஒரு விசை வேண்டும். நிறையை முடுக்கத்தால், அதாவது வேகம் மாறும் வீதத்தால், பெருக்கினால் அந்த விசை கிடைக்கும் என்பதால், வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறையும் பிரேக்கில், 30 கிலோ பெட்டிக்கு 150 நியூட்டன், அதாவது சுமார் 15 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்குப் பிடிமானம் தேவைப்படுகிறது. ஐஸ் உருகி வழிந்து கேரியர் தகடு நனைந்திருக்கும்போது உராய்வை மட்டும் நம்ப முடியாது. உராய்வு தாங்காத பங்கு ஓட்டுபவரின் முதுகில்தான் இறங்கும். ஆகவே, பெட்டியின் முன்பக்கத்தை வளைத்து வந்து கேரியரின் பின்கம்பியில் முடியும் இன்னொரு கயிற்றையும் அவசியம் கட்டுங்கள். தகட்டின்மேல் பழைய டியூப் ரப்பரை விரிப்பதும் நல்லது. முன்செல்லும் பேருந்திலிருந்து தாராளமாக இடைவெளி விடுங்கள். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.