கோபத்துக்கு 'ஆன்' வேண்டாம்

தமிழில் கோபம் ஒருத்தர் மேல் வரும். பொறாமையும் மேல்தான். அந்த 'மேல்' ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஆன்' ஆகிவிடுகிறது. 'ஹி இஸ் ஆங்க்ரி ஆன் மீ', 'ஷி இஸ் ஜெலஸ் ஆன் ஹெர் சிஸ்டர்' என்று கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறேன். இரண்டும் தப்பு. 'ஆங்க்ரி வித் மீ', 'ஜெலஸ் ஆஃப் ஹெர் சிஸ்டர்' என்பதுதான் சரி. கோபம் ஆள் மேல் இல்லாமல் பஸ் லேட்டானதற்கு என்றால் 'ஆங்க்ரி அபவுட்'.

நம் பிழைகளில் பாதி இப்படி வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு வருபவை. கணக்கில் கெட்டி என்பதால் 'குட் இன் மேத்ஸ்' என்போம். 'குட் அட் மேத்ஸ்' என்று பழகுங்கள். 'குட் ஃபார்' போட்டால் பொருளே மாறிவிடும், அது 'உடம்புக்கு நல்லது' வகை. 'அவரோடு கல்யாணம்' என்கிற நினைப்பில் 'மேரீட் வித்' வரும். கட்டிக்கொண்டவரைச் சொல்ல 'மேரீட் டு' வேண்டும். ஆனால் 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்று எங்காவது பார்த்தால் திருத்தப் போகாதீர்கள். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஆபீஸில் அதிகம் காதில் விழுவது 'சீனியர் தேன் மீ'. 'என்னைவிட' என்பதில் வரும் 'விட'தான் காரணம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீனிலிருந்து வந்தவை. அங்கேயே அவை ஒப்பீட்டு வடிவங்கள். அதனால் 'டு' போதும்: 'சீனியர் டு மீ'. முன்னால் 'மோர்' சேர்த்தால் மட்டும் 'மோர் சீனியர் தேன் மீ' என்று வரலாம்.

அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. 'அஃப்ரெய்ட்' ஒரு பக்கம், 'ஆஃப்' ஒரு பக்கம் என்று எழுதிவைத்தால் பேசும்போது இரண்டும் ஒட்டாது. 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்று முழுசாக, நமக்கு நிஜமாகவே பயமான ஒன்றை வைத்து எழுதினால் ஒட்டும்.

இன்னொரு இடம் வினைச்சொல். 'ஆஃப்', 'இன்' மாதிரியான ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வினைச்சொல்லின் 'இங்' வடிவம்தான் வரும்: 'கேப்பபிள் ஆஃப் டூயிங்', 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்'. 'டு' வந்தால்தான் ஏமாந்துபோவோம், அது ஓரிடத்தில் ப்ரிபொசிஷன், இன்னோரிடத்தில் இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்' என்றால் அஞ்சு மணிக்கு எழுந்து பழக்கம். அந்த 'ஆம்' இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்' என்றால் முன்னெல்லாம் எழுந்தேன், இப்போது தூங்குகிறேன்.